முப்பதாயிரத்துக்குள்ள வீட்டு எஸ்பிரெஸோ: ஸ்டீம் மெஷினா, பம்ப் மெஷினா, மோக்கா பாட்டா?

தங்கச்சி போன மாசம் கோயமுத்தூர் சரவணம்பட்டில புது ஃபிளாட்டுக்கு குடி போனா. சின்ன கிச்சன். மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் வச்சது போக மேடைல அரை அடி இடம்தான் மிச்சம். மாப்பிள்ளை ஆபீஸ்ல மெஷின் காபி குடிச்சு பழகினவரு, பால் இல்லாம கறுப்பாத்தான் குடிப்பாரு. இவளுக்கு காலைல பால் காபி இல்லாம கண்ணே தொறக்காது. "அண்ணா, முப்பதாயிரம் எடுத்து வச்சிருக்கோம், வீட்டுலயே எஸ்பிரெஸோ போடணும், எது வாங்கட்டும்"னு போன்ல கேட்டா. நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டேன், பாலா கறுப்பா, எடம் எவ்வளவு, கடைத் தூளா கொட்டைய அரைக்கறதா, வீட்டுல தண்ணி எப்படின்னு, அவ கடுப்பாயிட்டா. ஆனா அந்த நாலு கேள்வியும் கேக்காம வாங்குனா காசு வீணாப் போகும்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அஞ்சு வருசம் முன்னாடி நான் அப்படித்தான் வாங்குனேன். அவளுக்கு சொன்னத எல்லாம் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், இதே குழப்பத்துல இருக்கறவங்க நெறைய பேரு இருப்பீங்க.

முதல்ல எஸ்பிரெஸோன்னா என்னன்னு தெளிவாயிட்டா பாதி குழப்பம் தீந்துரும். பொடியா அரைச்ச காபித் தூள அழுத்தி வச்சு, அது வழியா 90 டிகிரி பக்கம் சூடான தண்ணிய சுமார் 9 பார் (பார்ங்கறது அழுத்தத்த அளக்கற அலகு) அழுத்தத்துல அரை நிமிசத்துக்குள்ள தள்ளி எடுக்கறதுதான் எஸ்பிரெஸோ. இத்தாலில இதுக்குன்னு இருக்கற அமைப்பு ஒரு கணக்கே போட்டு வச்சிருக்கு, 7 கிராம் தூள், 25 செகண்ட், கப்புல 25 மில்லி, அழுத்தம் 9 பார். ஒரு தடவ எடுக்கற காபிய ஷாட்னு சொல்லுவாங்க, இப்ப பெரும்பாலான கடைகள்ல ரெட்டை ஷாட்தான் போடறாங்க, 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் பக்கம் எடுப்பாங்க, நேரம் 25லருந்து 30 செகண்ட். நம்ம ஃபில்டர்ல டிகாக்‌ஷன் தானா சொட்டு சொட்டா எறங்குது, அங்க வேலை செய்யறது புவியீர்ப்பும் பொறுமையும். எஸ்பிரெஸோல வேலை செய்யறது அழுத்தம். அந்த அழுத்தத்தாலதான் காபில இருக்கற எண்ணெயும் கார்பன் டை ஆக்ஸைடும் சேந்து மேல பொன்னிறமா ஒரு படலம் நிக்குது, அதத்தான் க்ரீமாங்கறாங்க.

இந்த அழுத்தம்ங்கற ஒரு விசயத்த வச்சே கடைல இருக்கற மெஷின்கள பிரிச்சிரலாம்.

நாலஞ்சாயிரத்துக்கு ஆன்லைன்ல கெடைக்கற குட்டி மெஷின், 800 வாட் பக்கம் இருக்கும், கூட ஒரு கண்ணாடி ஜாடி, மேல திருகு மூடி, பெட்டி மேல "4 பார் எஸ்பிரெஸோ"ன்னு பெருசா போட்டிருக்கும். இதுல பம்ப்பே கிடையாது. மூடுன தொட்டில தண்ணி கொதிச்சு, நீராவி தள்ளி, அந்தத் தண்ணி தூள் வழியா வரும். 1901ல மிலான்ல லூயிஜி பெஸ்ஸெரா பேட்டன்ட் வாங்குன மெஷின் இதே தத்துவத்துலதான் ஓடுச்சு. அதுல வர்ற காபிக்கு க்ரீமா கிடையாது, ஏன்னா அவ்வளவு அழுத்தம் நீராவிக்கு இல்ல. இன்னொரு சிக்கல் சூடு. நீராவியா மாறி தள்ளணும்னா தண்ணி 100 டிகிரிய தாண்டியே ஆகணும், அந்த சூட்டுல தூள் மேல பட்டா கசப்பும் காரலும் வந்துரும். 1940கள் கடைசில அகில்லே காஜ்ஜியா லீவர் வச்ச மெஷின கொண்டு வந்தப்பறம்தான் க்ரீமா வந்துச்சு, 1961ல ஃபேமா கம்பெனியோட ஈ61 மெஷின் பம்ப்ப வச்சு 9 பார் குடுத்துச்சு. சுருக்கமா சொன்னா நாலாயிர ரூவா ஸ்டீம் மெஷின் வாங்குனா நூத்தி இருபது வருசம் பழைய முறைய வாங்கறோம்.

நான் மொதல்ல வாங்குனது அதுதான். பேரு வேண்டாம். ரெண்டாவது மாசமே ஒரு நாள் காலைல அவசரத்துல ஆவி முழுசா எறங்கறதுக்கு முன்னாடி மேல் மூடிய திருகிட்டேன், கொதிநீர் பீச்சி அடிச்சு மணிக்கட்டுல பட்டு ரெண்டு வாரம் மருந்து போட்டேன். இந்த வகை மெஷின்ல ஒரு காபி போட்டுட்டு அடுத்தது போடணும்னா மூடிய தொறந்து மறுபடி தண்ணி ஊத்தணும், அதுக்கு ஆறற வரைக்கும் காத்திருக்கணும். வீட்டுல ரெண்டு பேரு வேற வேற நேரத்துல குடிக்கறீங்கன்னா இது தினமும் தொல்லை. கொழந்தைங்க இருக்கற வீட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

இந்த ஸ்டீம் மெஷின் குடுக்கற அதே காபிய, சொல்லப்போனா அத விட நல்ல காபிய, மோக்கா பாட் குடுக்கும். 1933ல இத்தாலில பியாலெட்டி கொண்டு வந்த எட்டுப் பட்டை அலுமினிய பாத்திரம், கீழ தண்ணி, நடுல தூள், மேல காபி வந்து சேரும். அழுத்தம் 1, 2 பார்தான், அதனால இதுவும் எஸ்பிரெஸோ இல்ல, ஆனா கள்ளிச்சொட்டு மாதிரி திக்கா ஒரு டிகாக்‌ஷன் அஞ்சு நிமிசத்துல கெடைக்கும், பால் ஊத்துனா அருமையா இருக்கும். கெட்டுப் போறதுக்கு அதுல ரப்பர் வளையம் ஒண்ணுதான் இருக்கு, அதையும் மாத்திக்கலாம். ரெண்டு விசயம் கவனிக்கணும். நம்ம கேஸ் அடுப்பு கம்பி அகலமா இருக்கும், மூணு கப் மோக்கா பாட் அதுல நிக்காம சாயும், மேல ஒரு சின்ன வலை மாதிரி வளையம் வாங்கி வச்சுக்கணும். அலுமினியம்னா இண்டக்‌ஷன்ல வேலை செய்யாது, அதுக்கு ஸ்டீல்ல பாத்து வாங்கணும். போடறப்ப கீழ ஏற்கனவே சூடான தண்ணிய ஊத்துங்க, தூள அழுத்தாதீங்க, சின்ன தீல வைங்க, கடகடன்னு சத்தம் ஆரம்பிச்சதும் எறக்கிருங்க. அந்த சத்தம் வந்தப்பறம் வர்றது வெறும் ஆவியும் கசப்பும்.

தங்கச்சி மட்டும் குடிக்கறதா இருந்தா நான் இதோட நிறுத்திருப்பேன். பால் காபி மட்டும் போதும்னா மோக்கா பாட்டும் நல்ல தூளும் வாங்கிட்டு மிச்சம் இருபத்தஞ்சாயிரத்த பேங்க்ல போடச் சொல்லிருப்பேன், இத மனசார சொல்றேன். ஆனா மாப்பிள்ளை கறுப்பா குடிக்கறவரு, அவருக்கு அந்த க்ரீமா வேணும், நாக்குல தேன் மாதிரி ஒட்டற அந்தத் தடிமன் வேணும், அது அழுத்தம் இல்லாம வராது.

காப்ஸ்யூல் மெஷின, அதாவது ஒரு கப்புக்கான தூள அடைச்ச குட்டி டப்பாவ போட்டு ஓட்டற மெஷின பத்தி மாப்பிள்ளையே கேட்டாரு. பட்டன அமுக்குனா காபி, கழுவற வேலை கம்மி, தினமும் ஒரே ருசி. ஆனா ஒரு காப்ஸ்யூல்ல தூள் அஞ்சாறு கிராம்தான் இருக்கும், அத வச்சு ரெட்டை ஷாட் கனத்துக்கு எதிர்பாக்க முடியாது, மெஷின் எந்த வகையோ அந்த வகை காப்ஸ்யூல் மட்டும்தான் போட முடியும், ஒவ்வொரு கப்புக்கும் குப்பை சேரும். வால்பாறையும் நீலகிரியும் கைக்கெட்டற தூரத்துல இருக்கறப்ப, ஏற்காடு, கொடைக்கானல், சிக்மகளூர், கூர்க் கொட்டைய எல்லாம் வறுத்த தேதியோட வாங்க முடியறப்ப, டப்பால அடைச்சு வந்த காபியோட கட்டுப்பட எனக்கு மனசு வரல.

அப்ப மிச்சம் பம்ப் மெஷின். இதுல சின்னதுன்னு எடுத்தா டெலாங்கி டெடிக்கா மாதிரி ஒல்லியா வர்றதுதான் எல்லாரும் பேசறது, அகலம் 15 சென்டிமீட்டர்தான், அதாவது அந்த அரை அடி. மிக்ஸிக்கும் செவுத்துக்கும் நடுல சரியா உக்காரும். தண்ணி டேங்க் ஒரு லிட்டர் பக்கம் பின்னால இருக்கு, அத மேல தூக்கி எடுக்கணும், அதனால மேல அலமாரி ரொம்ப தாழ்வா இருந்தா அளந்து பாத்துட்டு வாங்குங்க. உள்ள தெர்மோபிளாக்னு ஒண்ணு, தண்ணி ஓடற வழியிலயே சூடாக்கற உலோகக் கட்டி, அதனால சுவிட்ச் போட்டு ஒரு நிமிசத்துக்குள்ள தயார். கரண்ட் 1300 வாட் பக்கம் இழுக்கும், 230 வோல்ட்ல கணக்கு போட்டா அஞ்சே முக்கால் ஆம்பியர் கிட்ட வருது. சாதா 6 ஆம்பியர் பிளக்குல போட்டா விளிம்புலயே ஓடும், மிக்ஸியையும் சேத்து ஒரே எக்ஸ்டென்சன்ல போடாதீங்க. பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்ல தனியா போடறதுதான் சரி. வாடகை வீட்டுல கிச்சன்ல ஒரே ஒரு பெரிய பாயின்ட்தான் இருக்கும், அதுல ஃபிரிட்ஜ் இருக்கான்னு பாத்துட்டு மெஷினுக்கு இடம் முடிவு பண்ணுங்க.

பெட்டி மேல 15 பார்னு போட்டிருக்கறத பாத்து 9 பார விட இது நல்லதுன்னு நெனச்சிராதீங்க. 15ங்கறது அந்த குட்டி பம்ப் முட்டுக்கட்டை போட்டா எட்டற உச்சம். 20 பார்னு போட்ட மெஷினும் அதே கதைதான், அந்த நம்பருக்காக ஒரு ரூவா கூட அதிகமா குடுக்க வேண்டாம். காபிக்கு வேண்டியது தூள்கிட்ட 9 பார், அது நீங்க அரைக்கற பதத்தையும் அழுத்தற விதத்தையும் பொறுத்து அமையும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதத்தான் யாரும் கடைல சொல்றதில்ல. இந்த விலைல வர்ற மெஷின்கள்ல கூட குடுக்கற ஃபில்டர் கூடை, அதாவது தூள் போடற சின்ன கிண்ணம், ரெட்டைச் சுவர் கூடை. உள் பக்கம் பாத்தா நெறைய ஓட்டை இருக்கும், வெளிப் பக்கம் திருப்பிப் பாத்தா ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒத்தை ஓட்டை தடுத்து அழுத்தத்த உண்டாக்கும், காபி பீச்சிக்கிட்டு வந்து நுரைக்கும், பாக்கறதுக்கு க்ரீமா மாதிரியே இருக்கும். ஒரு வருசம் பழைய தூள போட்டாலும் நுரைக்கும், அதுல இருந்தே தெரியலையா. கடைல அரைச்ச தூள் மட்டும்தான் வாங்குவேன்னா இந்தக் கூடை உதவி, நான் குறை சொல்லல, பால் காபிக்கு ஓரளவு நல்லாவே இருக்கும். ஆனா மாப்பிள்ளை மாதிரி கறுப்பா குடிக்கறவங்களுக்கு மொத வாய்லயே தெரிஞ்சிரும், நுரை இருக்கு, உள்ள ஆள் இல்லைன்னு.

ஒத்தைச் சுவர் கூடைன்னு தனியா விக்கறாங்க, டெடிக்காவுக்கு 51 மில்லிமீட்டர் அளவு. இதுல தடுப்பு எதுவும் கிடையாது, தூளே தடுப்பு. அதனால தூள் ரொம்ப பொடியாவும் ஒரே சீராவும் இருந்தாத்தான் அழுத்தம் நிக்கும், இல்லைன்னா பத்து செகண்ட்ல பைப் தண்ணி மாதிரி ஊத்திரும். இங்கதான் காபிக் கொட்டை அரைக்கற கிரைண்டர் வருது. என் மொத்த அனுபவத்துல ஒண்ணு மட்டும் சொல்லணும்னா இதத்தான் சொல்வேன், வீட்டு எஸ்பிரெஸோல ருசிய தீர்மானிக்கறது மெஷின் இல்ல, கிரைண்டர். ஐம்பதாயிரத்து மெஷின்ல கடைத் தூள போட்டு வர்ற காபிய விட, இருபதாயிரத்து மெஷின்ல அப்பவே கைல அரைச்சுப் போட்ட காபி நல்லா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மிக்ஸில அரைக்கலாமேன்னு தங்கச்சி கேட்டா. மிக்ஸி பிளேடு வெட்டுது, அரைக்கறதில்ல, மாவும் குருணையும் கலந்து கெடக்கும், மாவு கசக்கும், குருணை புளிக்கும், ரெண்டும் ஒரே கப்புல வரும். இதுக்கு பல் சக்கரம் வச்ச கிரைண்டர் வேணும், பர்னு சொல்லுவாங்க. மோட்டார் வச்சது நல்லதா வேணும்னா அதுவே மெஷின் விலைக்குப் போயிரும். கையால சுத்தற கிரைண்டர் எட்டாயிரத்துலருந்து பன்னெண்டாயிரத்துக்குள்ள அருமையானது கெடைக்குது. பாக்க வேண்டியது, அரைக்கற பதத்த மாத்தறதுக்கு ஒரு க்ளிக் திருப்புனா பல் எவ்வளவு நகருதுங்கறது. கிங்கிரைண்டர் கே6ல ஒரு க்ளிக்குக்கு 16 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), எஸ்பிரெஸோவுக்கு இந்த மாதிரி நுணுக்கம் வேணும். பில்டருக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கும்னு வர்ற வெல கம்மியான கை கிரைண்டர்கள்ல க்ளிக் இடைவெளி அதிகம், ஒரு க்ளிக்ல 15 செகண்ட்ல ஊத்தும், அடுத்த க்ளிக்ல அடைச்சே போயிரும், நடுல நிக்க இடமே இருக்காது. ஒரு ஷாட்டுக்கு கைல அரைக்க ஒரு நிமிசம் ஆகும், ரெண்டு பேருக்கு ரெண்டு நிமிசம், அவ்வளவுதான் உடற்பயிற்சி.

காசுக் கணக்கு பாத்தா, நான் பாத்த நேரத்துல ஒல்லி பம்ப் மெஷின் இருபதாயிரத்த ஒட்டி, தள்ளுபடி வந்தா அதுக்கும் கீழ, கை கிரைண்டர் ஒன்பது பத்தாயிரம், கூடையும் தூள அமுக்கற இரும்பு டாம்பரும் தராசும் சேத்து ரெண்டாயிரம் சொச்சம். முப்பதாயிரத்த கொஞ்சம் தாண்டும். அப்ப எதுல கை வைக்கறது? செலவ மெஷின்ல கொறைங்க, கிரைண்டர்ல கொறைக்காதீங்க. பன்னெண்டாயிரம் பக்கம் பேர் தெரியாத பம்ப் மெஷின்களும் இருக்கு, உள்ள பெரும்பாலும் இதே மாதிரி பம்ப்பும் தெர்மோபிளாக்கும்தான், 51 மில்லிமீட்டர் கூடைதான், ஆனா நாளைக்கு கேஸ்கெட் போனாலோ பம்ப் போனாலோ நம்ம ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. காந்திபுரத்துல கடைக்காரர் ஒருத்தர் எனக்கு சொன்னது, மெஷின கைல பாத்து, பில்லு வாங்கி, வாரன்டி கார்டுல சீல் போட்டு எடுத்துட்டுப் போங்கங்கறது, பழைய காலத்து புத்திதான், ஆனா சரியான புத்தி.

காஜ்ஜியா கிளாசிக் மாதிரி பெரிய மெஷின்கள் ஏன் வேண்டாம்னு கேட்டா, வேண்டாம்னு இல்ல, அது இந்த பட்ஜெட்ல இல்ல. அதுல 58 மில்லிமீட்டர் கூடை, கடைகள்ல இருக்கற அதே அளவு, அதனால உதிரி சாமான் எங்கயும் கெடைக்கும், பத்து பதினஞ்சு வருசம் பழுது பாத்து பாத்து ஓட்டலாம். ஆனா சூடாக நேரம் எடுக்கும், இடமும் எடுக்கும், அதுக்கும் கிரைண்டர் தனியாத்தான் வாங்கணும். ரெண்டு வருசம் கழிச்சு ஆசை அடங்கலைன்னா அப்ப பாத்துக்கலாம், கை கிரைண்டர் அதுக்கும் உதவும்.

ஃபிளேர் மாதிரி கை லீவர் மெஷின் ஒண்ணு இருக்கு, கரண்ட்டே வேண்டாம், வெந்நீர் ஊத்தி கையால லீவர அமுக்கணும், 9 பார் நம்ம கைல இருக்கும். கறுப்பு காபிக்கு இந்த விலைல இத அடிச்சுக்க ஆள் இல்லைன்னு நான் நம்பறேன், ஏன்னா அழுத்தத்த நாமளே கூட்டிக் கொறைக்கலாம், கெட்டுப் போக எதுவும் இல்ல. ஆனா பால நுரைக்க வைக்க ஸ்டீம் கெடையாது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொதிநீர ஊத்தி அத சூடு பண்ணணும், காலைல எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஆபீஸ் கெளம்பற வீட்டுல இது நடக்காது. தனியா இருக்கறவங்க, சாவகாசமா குடிக்கறவங்க, கறுப்பா குடிக்கறவங்க, யோசிக்காம இத எடுங்க.

தங்கச்சி வீட்டுக்கு பம்ப் மெஷினும் கை கிரைண்டரும்தான்னு முடிவாச்சு. அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை போயி உக்காந்து பழக்கி விட்டேன், அந்த அளவுகள சொல்லிடறேன். 51 மில்லிமீட்டர் கூடைல 14 கிராம் தூள் சரியா இருக்கும், கடைக்காரங்க சொல்ற 18 கிராம இதுல திணிக்காதீங்க, மேல தட்டு இடிக்கும். 14 கிராம் போட்டு கப்ப தராசு மேல வச்சு 28லருந்து 30 கிராம் வந்ததும் நிறுத்தணும், அதுக்கு 25லருந்து 30 செகண்ட் ஆகணும். 15 செகண்ட்லயே வந்துட்டா புளிக்கும், இன்னும் பொடியா அரைங்க. 40 செகண்ட் தாண்டுனா கசக்கும், கொஞ்சம் பெருசா அரைங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, அளவையும் பதத்தையும் சேத்து மாத்துனா எதனால மாறுச்சுன்னே தெரியாது. 0.1 கிராம் காட்டற சின்ன தராசு ஐநூறு ரூவாக்குள்ள கெடைக்கும், நகை எடை போடற மாதிரி சின்னது, கண்ணளவ நம்பாதீங்க.

தூள கூடைல போட்டதும் கட்டி கட்டியா இருக்கும், மெல்லிசான ஊசி நாலஞ்ச ஒரு கார்க்குல குத்தி வச்சு அதால கெளறி விடுங்க, கட்டி இருந்தா தண்ணி லேசான எடத்துல ஓட்டை போட்டு ஓடிரும், பாதி தூள் நனையவே நனையாது. அப்பறம் டாம்பர வச்சு அமுக்கறப்ப எவ்வளவு பலம்ங்கறத விட சமமா இருக்காங்கறதுதான் முக்கியம். பெட்டில வர்ற பிளாஸ்டிக் டாம்பர் கூடைக்குள்ள லொடலொடன்னு இருக்கும், ஓரத்துல தூள் அமுங்காது, அத மாத்திருங்க. காபி போடறதுக்கு முன்னாடி தூள் இல்லாம ஒரு தடவ வெறும் தண்ணிய ஓட விடுங்க, கூடை மாட்டற கைப்பிடியும் கப்பும் சூடாகும், தெர்மோபிளாக் மெஷின்ல மொத ஷாட் எப்பவும் கொஞ்சம் ஆறிப்போய் வரும், இந்த ஒரு வேலை அத சரி பண்ணிரும். போட்டு முடிச்சதும் கைப்பிடிய ஒடனே கழட்டாதீங்க, உள்ள அழுத்தம் மிச்சம் இருந்தா தூள் தெறிக்கும், கொஞ்சம் பொறுத்து மெதுவா திருப்புங்க.

கொட்டை விசயத்துல ஒண்ணு. கடைல நம்ம வழக்கமா வாங்கற சிக்கரி கலந்த தூள இந்த மெஷின்ல போடாதீங்க, சிக்கரி தண்ணில ஊறி பிசுபிசுன்னு கூடைய அடைச்சிரும், அது ஃபில்டருக்குன்னே பொறந்தது, அங்கயே இருக்கட்டும். இந்த மெஷினுக்கு மீடியம் டார்க் வறுவல் எடுங்க, லேசா வறுத்த கொட்டைக்கு சூடும் அரைப்பும் ரொம்ப நுணுக்கமா வேணும், சின்ன மெஷின்ல புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். காபிக் கொட்டைல அராபிகா, ரொபஸ்டான்னு ரெண்டு வகை, அதுல ரொபஸ்டான்னா மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு, நான் ஒத்துக்க மாட்டேன். இந்தியால வெளயறதுல பெரும்பங்கு ரொபஸ்டாதான், இத்தாலிக்காரங்க நம்ம ரொபஸ்டாவ எஸ்பிரெஸோ கலவைல விரும்பிச் சேக்கறாங்க, க்ரீமா தடிமனா நிக்கும், பால் ஊத்துனாலும் காபி ருசி அமுங்காது, காஃபீன் அராபிகாவ விட ரெண்டு பங்கு கிட்ட இருக்கும். தங்கச்சிக்கு அராபிகால முப்பது சதவீதம் ரொபஸ்டா கலந்தது வாங்கிக் குடுத்தேன், மாப்பிள்ளைக்கு மழைக்காத்துல ஊற வச்சு எடுக்கற மான்சூன்ட் மலபார், புளிப்பே இல்லாம மண் வாசத்தோட இருக்கும். வறுத்த தேதி பாத்து வாங்குங்க, வறுத்து ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க, கால் கிலோவுக்கு மேல ஒரே தடவ வாங்காதீங்க.

பால். ஆவின்ல நீலப் பாக்கெட்ல 3 சதவீதம் கொழுப்பு, பச்சைல 4.5, ஆரஞ்சுல 6. நுரைய நிறுத்தறது பால்ல இருக்கற புரதம், வாய்ல வழுவழுன்னு இருக்கறது கொழுப்பு. எனக்கு பச்சைதான் ரெண்டுக்கும் பொருத்தமா பட்டுச்சு. நம்ம வீடுகள்ல பால காய்ச்சித்தான் எதையும் பண்ணுவோம், அம்மா பாத்தா பச்சைப் பாலா ஊத்தறன்னு திட்டுவாங்க, ஆனா பாக்கெட் பால் ஏற்கனவே பாஸ்சுரைஸ் பண்ணது, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில்லுனு இருக்கற பாலத்தான் ஸ்டீம்ல புடிக்கணும், ஒரு தடவ காய்ச்சுன பால்ல ஆடை கட்டி நுரை சரியா வராது. 60லருந்து 65 டிகிரில நிறுத்திருங்க, பாத்திரத்த கைல புடிக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துனா சரியா இருக்கும், அதுக்கு மேல போனா பாலோட இனிப்பு போயிரும். சின்ன மெஷின்ல ஸ்டீம் பலம் கம்மி, 150 மில்லி பாலுக்கு ஒரு நிமிசம் கிட்ட ஆகும், ஸ்டீம் குழாய் மேல இருக்கற உறைய கழட்டிட்டு வெறும் குழாய்ல புடிக்கப் பழகுங்க, உறையோட புடிச்சா சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழாத்தான் வரும். எப்பவும் காபிய மொதல்ல எடுத்துட்டு அப்பறம் ஸ்டீம் போடுங்க. திருப்பிப் பண்ணா மெஷின் ஸ்டீம் சூட்டுல இருக்கும், அப்ப எடுக்கற காபி கருகுன மாதிரி இருக்கும்.

கடைசியா தண்ணி. கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது சொல்லணுமான்னு தெரியல, சிறுவாணி ஆத்துத் தண்ணி வர்ற வீடுன்னா அதையே ஊத்துங்க, மென்மையான தண்ணி, காபிக்கும் நல்லது மெஷினுக்கும் நல்லது. சரவணம்பட்டி மாதிரி எடத்துல அபார்ட்மென்ட்ல நெறைய எடத்துல போர் தண்ணிதான், உப்புத் தண்ணி, பாத்திரத்துல வெள்ளையா படியுதுல்ல, அதே சுண்ணாம்பு தெர்மோபிளாக் உள்ள படிஞ்சு மெஷின அடைச்சிரும். இந்த மாதிரி சின்ன மெஷின்கள் சாகறது பெரும்பாலும் இதாலதான். தங்கச்சிய கேன் தண்ணி ஊத்தச் சொல்லிருக்கேன், டேங்க்ல ராத்திரி தண்ணிய விடாம காலைல புதுசா ஊத்தணும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ அந்த மெஷினுக்குன்னு விக்கற, சுண்ணாம்ப கரைக்கற டீஸ்கேலிங் திரவத்த ஓட விடணும். அத அவ காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா.

மொத ஞாயித்துக்கிழமை ஆறு ஷாட் வீணாப் போச்சு, ஏழாவது 27 செகண்ட்ல வந்துச்சு, எலி வால் மாதிரி மெல்லிசா, தேன் நெறத்துல, உடையாம எறங்குச்சு. மாப்பிள்ளை ஒரு வாய் குடிச்சுட்டு கப்ப கீழ வைக்காம அப்படியே நின்னாரு. தங்கச்சி கிரைண்டர் எத்தனாவது க்ளிக்ல இருக்குன்னு எண்ணி, ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு எழுதி ஒட்டுனா. அடுத்த பாக்கெட் கொட்டை பிரிச்சப்ப அந்த நம்பர் ரெண்டு க்ளிக் மாறுச்சுன்னு நேத்து போன் பண்ணி சொன்னா.